பாக்கு பூட்டுகிற கதவு

இறம்பொடை மலைகளில் கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கும், கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாருக்கும், பெரட்டுக்களத்தில் பேர் எழுதும் கணக்கப்பிள்ளைமாருக்கும், கங்காணிமாருக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும் வணக்கம்.

விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்புமுன் தேத்தண்ணியோடு ஒரு வாய் வெற்றிலை. மலையில் பனி விலகும்போது இன்னொன்று. மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும்போது மற்றொன்று. படங்குக்குள் செருகிய சின்னப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை எப்போதும் இருக்கும். குளிர் குத்துகிற மலையில் அது உடம்புக்குச் சூடு. பசிக்கிற நேரத்தில் பசிக்கு மறதி. பக்கத்து நிரையில் நிற்பவளுக்குப் பாதியைக் கிள்ளிக் கொடுப்பதில் ஓர் உறவும் இருக்கிறது. பரிசம் போடுகிற தட்டிலும், சாவு வீட்டுத் திண்ணையிலும், கோயில் பூசையிலும் முதலில் வந்து நிற்பதும் அதே வெற்றிலைதான். அதை ஏசுவதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை.

இது எழுதப்படுவதற்குக் காரணம் வேறு. லயங்களில் இப்போது கைபேசி இல்லாத வீடு குறைவு. கைபேசி வழியாக ஒரு செய்தியும் வந்து சேர்ந்திருக்கிறது: வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் ரோபோ ஒப்பரேசன் வந்துவிட்டதாம், கத்தி படாமல் எடுத்துவிடுவார்களாம். அந்தச் செய்தியில் உண்மை இருக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதி இறம்பொடை மக்களுக்குத்தான் மிகவும் தேவைப்படுகிறது.

முதலில் அந்த ரோபோ என்ன என்று பார்க்கலாம். படத்தில் வருவதுபோல் கை கால் முளைத்து நடந்து வருகிற பொம்மை அல்ல அது. உலகில் அதிகம் பயன்படும் கருவிக்கு டா வின்சி என்று பெயர். அமெரிக்காவின் இன்டியூடிவ் நிறுவனம் செய்தது; 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. நோயாளியின் கட்டிலருகே சில இயந்திரக் கைகள் நிற்கும். ஒரு கை கெமராவைப் பிடிக்கும். மற்றவை விரலைவிட மெல்லிய கருவிகளைப் பிடிக்கும். அந்தக் கருவிகளின் நுனியில் மனிதர் மணிக்கட்டுப்போல் வளைகிற மூட்டு உண்டு. சத்திரசிகிச்சை நிபுணர் சில அடி தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, முப்பரிமாணத்தில் பெருக்கிக் காட்டப்படும் படத்தைப் பார்த்தபடி தம் விரல்களை அசைப்பார். அவர் விரல் அசைகிற அளவை இயந்திரம் சுருக்கி, கை நடுக்கத்தை வடிகட்டி, உள்ளே அப்படியே செய்யும். தானாக ஓர் அசைவும் செய்யாது. வெட்டுவதும் தைப்பதும் வைத்தியர்தான்.

தொண்டைக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதை உங்கள் ஊர் வீதியை வைத்தே சொல்லலாம். ஏ-5 வீதியில் இறம்பொடைக்கு வருகிறவர்களுக்கு வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டேதான் திரும்புவார். வாயும் அப்படித்தான். பல், கன்னம், நாக்கின் முன்பாதி எல்லாம் நேரான பாதை. அதைத் தாண்டினால் பாதை கீழ்நோக்கி வளைகிறது. அந்த வளைவுக்கு அப்பால் அடிநாக்கும், அதையொட்டித் தொண்டைச் சதையும் இருக்கின்றன. அங்கே புற்று வந்தால் நேராகப் பார்க்கவும் முடியாது, நேரான கத்தியால் தொடவும் முடியாது.

அதனால் முன்பு மலையையே வெட்டினார்கள். கீழுதட்டை நடுவே பிளந்து, தாடை எலும்பை வாளால் அறுத்து, இரு பக்கமும் கதவைப்போல் விரித்து உள்ளே போவார்கள். புற்றை எடுத்த பிறகு தாடையைத் தகடும் ஆணியும் வைத்துப் பூட்டுவார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய், மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய், வாரக்கணக்கில் கட்டில். பிழைத்தவர்கள் உண்டு. பழையபடி விழுங்கவும் பேசவும் முடியாமல் போனவர்களும் உண்டு. இறம்பொடைச் சுரங்கப்பாதையைப்போல, மலையை உடைக்காமல் உள்ளே போக ஒரு வழி கிடைக்காதா என்று வைத்தியர்கள் தேடினார்கள். கண்ணும் மணிக்கட்டும் வளைந்து திரும்ப முடிந்தால் வாயே அந்த வழியாகிவிடும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கிரெகரி வெய்ன்ஸ்டீனும் பெர்ட் ஓ'மாலியும் 2000களின் நடுப்பகுதியில் இதைச் செய்துகாட்டினார்கள். 2009 டிசம்பரில், தொண்டையில் தோன்றும் ஆரம்பநிலைக் கட்டிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதித்தது.

நோயை வெட்டி எடுப்பதில் மட்டுமல்ல, ஒளிந்திருக்கும் நோயைக் கண்டுபிடிப்பதிலும் அந்தக் கருவி உதவியிருக்கிறது. சிலருக்குக் கழுத்தில்தான் முதலில் கட்டி தெரியும். வலி இருக்காது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் என்று வரும். ஆனால் அது பிறந்த இடம் எது என்று ஸ்கேனிலும் தெரியாது, வைத்தியர் கண்ணுக்கும் தெரியாது. வேர் தெரியாவிட்டால் கழுத்தின் இரு பக்கமும் தொண்டை முழுவதும் கதிர் பாய்ச்ச வேண்டிவரும். எச்சில் வற்றும், விழுங்குவது கடினமாகும். அந்த வேர் பல வேளைகளில் அடிநாக்கின் மடிப்புகளுக்குள் கடுகளவாய் ஒளிந்திருக்கிறது. ரோபோவின் கெமராவையும் கருவிகளையும் கொண்டு அங்கே போய், அடிநாக்கின் மேற்சதையைச் சீவி எடுத்து நோயியல் நிபுணரிடம் கொடுக்க முடிகிறது. அமெரிக்காவின் பல வைத்தியசாலைகள் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்படி வேர் தெரியாமல் வந்த 47 பேரில் 34 பேருக்கு வேர் கண்டுபிடிக்கப்பட்டது. வேர் தெரிந்தவருக்குக் கதிரின் அளவையும் பரப்பையும் குறைக்க வழி பிறக்கிறது.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டு, அதே வைத்தியர்கள் தாங்களே சோதித்துப் பார்த்துச் சொன்னதையும் கேட்கவேண்டும். கனடாவின் ஒன்றாரியோ மாநிலத்திலுள்ள லண்டன் நகரை மையமாகக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில் தொண்டைப் புற்றுநோயாளிகள் 68 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாய்வழி ரோபோச் சத்திரசிகிச்சையும் மறுபாதிக்குக் கதிர்சிகிச்சையும் கொடுத்தார்கள். 2019இல் வந்த முடிவில், ஓராண்டு கழித்து விழுங்கும் திறனில் ரோபோவின் பக்கம் வெற்றி இல்லை. கதிர்சிகிச்சை பெற்றவர்களின் மதிப்பெண்ணே சற்று அதிகம். கதிர்சிகிச்சைப் பக்கத்தில் காதுக் கோளாறும் இரத்த அணுக் குறைவும் கூடுதலாக இருந்தன. அடுத்து நடந்த இரண்டாம் ஆய்வில் சத்திரசிகிச்சைப் பக்கத்தில் சிகிச்சையால் இரு மரணங்கள் நேர்ந்ததால், அதைப் பாதியில் நிறுத்தி 2022இல் முடிவை வெளியிட்டார்கள். எனவே கருவியை எல்லாருக்கும் கொடுக்க முடியாது. ஆளையும் கட்டி இருக்கும் இடத்தையும் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

அந்த இடம்தான் இந்த மடலின் மையம்.

அமெரிக்காவில் தொண்டையின் அந்த வளைவுப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரசு. தொண்டைச் சிகிச்சையில் ரோபோ பெயர் வாங்கியது அந்த நோயில்தான். (இலங்கையில் 2017 முதல் பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கப் போடப்படும் ஊசி இதே வைரசுக்கு எதிரானது. உங்கள் பிள்ளைக்குப் பாடசாலையில் அந்த ஊசி வரும் நாளில் அவளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.) மலையகத்தில் காரணம் வேறு, இடமும் வேறு. வெற்றிலை போடுகிறவர் மென்ற கூட்டைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒதுக்கிவைக்கிறார். மணிக்கணக்கில், சில வேளை இரவு தூங்கும்போதும் அது அங்கேயே ஊறிக்கிடக்கும். நோயும் அங்கேயே பிறக்கிறது: உட்கன்னத்தில், ஈறின் ஓரத்தில், நாக்கின் பக்கவாட்டில். இவை வளைவுக்கு முன்னால், நேரான பாதையில், விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளை கைபேசி டோர்ச்சைப் பிடித்தால் தெரிந்துவிடும் இடங்கள் அவை.

கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகச் செய்த கருவி, கண்ணுக்கு எட்டும் இடத்தில் பெரிய வித்தை எதையும் காட்டப்போவதில்லை. உட்கன்னத்துக் கட்டியை எடுக்கத் தேர்ந்த வைத்தியரின் இரு கைகளும் நல்ல வெளிச்சமும் போதும். அந்தக் கைகளால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை சாட்சி. அங்கே அனில் டி'குரூஸும் அவருடைய குழுவினரும் ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயாளிகளிடம் ஒரு கேள்வியைச் சோதித்தார்கள்: வாயிலுள்ள கட்டியை எடுக்கும்போதே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிடலாமா, அல்லது பின்னர் வீங்கினால் எடுக்கலாமா? 2015இல் வந்த விடை: உடனே எடுத்தவர்களில் 80 சதவீதத்தினர் மூன்றாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதத்தினர். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது சாதாரணக் கத்தியும் சரியான நேரமும். ஆரம்பநிலையிலேயே வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு. கட்டி கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த பிறகு வருகிறவர்களின் கணக்கு இதைவிட மிகக் குறைவு.

இனிச் சொல்லப்போவது லயத்தில் வெற்றிலை போடுகிற ஒவ்வொருவரும் கேட்கவேண்டியது.

ரோபோ உள்ளே போவது வாய் வழியாகத்தான். அதற்கு வாய் அகலத் திறக்கவேண்டும். கெமராவும் இரண்டு கருவிகளும் ஒன்றோடொன்று இடிக்காமல் உள்ளே நுழைய இடம் வேண்டும். வாய் போதுமான அளவு திறக்காதவருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்ய முடியாது. எந்த நாட்டு வைத்தியரும் முதலில் பார்ப்பது அதைத்தான். பாக்கு செய்கிற வேலையோ வாயை மூடுவது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார் நாராகச் சதையைப் படியவைக்கிறது. சுண்ணாம்பு அதன் வேகத்தைக் கூட்டுகிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னம் வெளுத்து, தொட்டால் தோல்போல் விறைக்கும். பிறகு சோற்று உருண்டை வாய்க்குள் போகாது. நாக்கை வெளியே நீட்ட முடியாது. விசில் அடிக்க வராது. வைத்தியர்கள் இதை வாய் நார்த்திசு இறுக்கம் என்பார்கள். பாக்கை விட்டாலும் இறுகிய நார் முழுதாய்க் கரைவதில்லை. விட்டால் மேலும் இறுகுவது குறையலாம். இந்த இறுக்கம் புற்றுநோயாகவும் மாறக்கூடும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அந்த முடிவு வந்தது 1985இல்.

ஆக, உலகத்தின் மிக நவீனமான கருவியை நாளையே இறம்பொடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாலும், அது நுழையவேண்டிய கதவைப் பாக்கு முன்கூட்டியே பூட்டிவிடுகிறது. ரோபோ வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று வெற்றிலையை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒதுக்குகிறவர், தம்மைக் காப்பாற்றக்கூடிய வழியைத் தாமே அடைத்துக்கொண்டு போகிறார்.

புகையிலை சேர்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இலேயே அறிவித்தது. பிறகு கிடைத்த சான்றுகளை எல்லாம் பார்த்து, புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று 2004இல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லிவிட்டது. பொட்டலத்தில் வரும் புகைக்காத புகையிலைப் பொருள்களை இலங்கை 2016இல் தடைசெய்தது. மடியிலிருக்கும் பாக்கைத் தடுக்கச் சட்டம் இல்லை.

இந்த அறிவு புதிதாய் முளைத்ததும் அல்ல. 1933இலேயே ஐ. எம். ஓர் என்ற வைத்தியர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுகிறவர்களின் வாய்ப் புற்றுநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறை, தமிழ்நாட்டுக் கரையில் கப்பலேறி, மன்னாரில் இறங்கி, காடு கடந்து நடந்து வந்தபோது மடியில் கட்டிக்கொண்டு வந்ததும் அதே பழக்கம்தான். அவர்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. இன்றைக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. பேராதனையில், உங்கள் பஸ் போகிற வழியிலேயே இருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்து ஆய்வாளர்கள் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு நேரில் வந்து, 12,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வாயைப் பார்த்து, வெற்றிலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 2007இல் பதிவுசெய்தார்கள். அதற்கும் முன்பு, 1980களின் தொடக்கத்தில், சமன் வர்ணகுலசூரிய என்ற இலங்கைப் பல் வைத்தியரின் குழு ஒரு முயற்சி செய்தது. பல் வைத்தியர்களுக்காகக் காத்திராமல், கிராமத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைப் பார்க்கப் பழக்கினார்கள். ஓராண்டில் அவர்கள் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகமானவர்களைப் பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். உலக சுகாதார அமைப்பின் இதழில் 1984இல் வெளிவந்த அந்தக் கட்டுரை இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் ஒரு தகவல் நெஞ்சைப் பிசைகிறது: அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் வைத்தியசாலைக்குப் போனார்கள்.

மீதிப் பாதிப்பேர் ஏன் போகவில்லை? தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இதன் விடையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போனால் அன்றைக்குப் பேர் போகும். பஸ் காசு வேண்டும். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். வைத்தியசாலையில் சிங்களத்தில் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆரம்பத்தில் அது வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் சம்பளத்தை யார் விடுவார்கள்? வலி வரும்போது காலம் கடந்திருக்கும்.

திருவனந்தபுரத்தில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. வைத்தியர் ஐ. எம். ஓர் எழுதிய பழைய திருவிதாங்கூர் மண்தான் அது. ஆய்வாளர் சங்கரநாராயணனும் அவருடன் வேலைசெய்தவர்களும் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் பயிற்சி பெற்ற பணியாளர்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக அனுப்பி, 35 வயதைத் தாண்டியவர்களின் வாயை வெறும் கண்ணால் பார்க்கவைத்தார்கள். மற்றப் பஞ்சாயத்துகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். இரண்டிலும் சேர்த்து 1,90,000க்கும் மேற்பட்டவர்கள். 2005இல் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய் பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் அந்தப் பயன் நிலைத்திருந்தது. நான்கு சுற்றிலும் தவறாமல் வாயைக் காட்டியவர்களிடம் பயன் இன்னும் அதிகம். அங்கே பயன்பட்ட கருவிகள் வெளிச்சமும் கண்ணும்.

அதற்காகக் கருவிகள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு 2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் வளாகத்திலுள்ள பன்னோக்கு மருத்துவமனையில் சுமார் 35 கோடி ரூபாய் செலவில் ரோபோச் சத்திரசிகிச்சை மையத்தைத் திறந்தது. காசில்லாதவருக்கும் அந்தக் கதவு திறக்கவேண்டும் என்பதற்காக ஓர் அரசாங்கம் எடுத்த முடிவு அது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா என்ற ரோபோவும் புழக்கத்துக்கு வந்துவிட்டது, விலை இறங்கும். தொண்டையின் வளைவுக்கு அப்பால் நோய் வந்த ஒருவருக்கு, நாளைக்கு இந்தத் தோட்டத்திலிருந்தே போகிற ஒருவருக்கு, அது உயிர்காக்கும் கருவியாகலாம். கழுத்து நெறிக்கட்டிகளைக் காதுக்குப் பின்னால், முடிக்குள் மறையும் கீறல் வழியாக எடுக்கும் முறையைக் கொரிய வைத்தியர்கள் வளர்த்திருக்கிறார்கள். கழுத்தில் பெரிய தழும்போடு ஊருக்குள் நடக்க வேண்டிய ஓர் இளம்பெண்ணுக்கு அது சின்ன விசயம் அல்ல.

ஆனால் லயத்தில் ஒரு குடும்பம் நகையை அடகுவைத்து, வட்டிக்கு வாங்கி, தரகர் பேச்சைக் கேட்டுக் கடல் தாண்டிப் போகுமுன் சில கேள்விகளை வைத்தியரிடமே கேட்டுவிடவேண்டும். நோய் எந்த இடத்தில் இருக்கிறது, அது கையால் எட்டாத இடமா? ரோபோவால் செய்வதற்கும் கையால் செய்வதற்கும் எங்கள் நோயாளிக்கு என்ன வித்தியாசம்? அதற்குப் பிறகும் கதிர்சிகிச்சை தேவைப்படுமா? வாய் இவ்வளவுதான் திறக்கிறதே, இதற்குள் போகுமா? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காவிட்டால் அந்த நகை பெட்டியிலேயே இருக்கட்டும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. கண்டியிலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் வாய்ப் புற்றுநோயை நாள்தோறும் பார்க்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள்.

இனிக் கேட்கவேண்டியதைக் கேட்கிறது இந்த மடல்.

கங்காணிமாரே, தலைவர்மாரே: வாயில் புண்ணென்று கிளினிக் துண்டோடு வருகிறவருக்கு அன்றைக்குப் பேர் போகாமல் இருக்க நிர்வாகத்தோடு பேசுங்கள். சம்பளத்துக்குப் பேசத் தெரிந்த உங்களுக்கு இதையும் பேசத் தெரியும். 1980களின் தொடக்கத்தில் வைத்தியசாலைக்குப் போகாமல்விட்ட அந்தப் பாதிப்பேரின் இடத்தில் இன்றைக்கு நிற்பவர்கள் உங்கள் நிரையில்தான் இருக்கிறார்கள்.

தோட்டத்து வைத்திய உதவியாளர்களே, குடும்பநல உத்தியோகத்தர்களே: பிள்ளைக் காம்பராவுக்கு எடை பார்க்க வருகிற நாளில் பிள்ளையைக் கொண்டுவருகிற ஆச்சியின் வாயையும் ஒரு தடவை பாருங்கள். தோட்டத்தில் தட்டிய கதவை எல்லாம் திறக்கவைக்கிறவர்கள் நீங்கள்தான்.

பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளே: வீட்டில் வெற்றிலை போடுகிற ஒவ்வொருவரையும் ஞாயிற்றுக்கிழமை காலையில், கைக்காசுக் கொழுந்துக்குப் போகுமுன், வாசலில் உட்காரவையுங்கள். முதலில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களுடைய மூன்று விரல்களைச் சேர்த்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நெட்டுக்குத்தாக விடச் சொல்லுங்கள். மூன்றும் போகாவிட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி டோர்ச்சைப் போட்டு இரண்டு கன்னத்தையும் விரலால் விலக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும், இரு பக்கமும் இழுத்து ஓரங்களிலும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுப்போல் சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், தடித்த கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் வலிக்காத கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டவேண்டும். பயப்படவேண்டாம், திட்டுகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. எது புற்று, எது அல்ல என்று சொல்ல ஒரு துளிச் சதை எடுத்துப் பார்க்கவேண்டும். அதைச் செய்வது வைத்தியரின் வேலை.

கொழுந்தெடுக்கும் தாய்மாரே: இருபது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விடச் சொல்வது எளிது, விடுவது எளிதல்ல. இன்றைக்கு இரவு மட்டும், படுக்குமுன் வாயைக் கழுவிவிட்டுப் படுங்கள். வெற்றிலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அடுத்த வாரம் புகையிலைத் துண்டை மடியில் கட்டாமல் மலைக்குப் போங்கள். அதற்கடுத்து பாக்கை. மலையில் குளிருகிறது என்றால் போத்தலில் சுடச்சுட தேத்தண்ணி கொண்டுபோங்கள். அது உங்கள் கையால் பறித்த கொழுந்து. மகளுக்கும் மருமகளுக்கும் முதல் வெற்றிலையை மடித்துக் கொடுப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

காட்டவேண்டும் என்று வந்தால் முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து அரச வைத்தியசாலையின் பல் பிரிவிலோ காட்டி ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுவரெலியாவுக்குப் போகச் சொன்னால் மேலே போகிற பஸ். பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னால், இறம்பொடையில் நின்று கண்டிப் பக்கம் இறங்குகிற பஸ்ஸில் ஏறினால் போதும். தவலந்தென்னை, புசல்லாவை, கம்பளை, கெலிஓயா தாண்டிப் பேராதனை வந்துவிடும். தனியாகப் போகாதீர்கள். படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போங்கள். எத்தனை வருடமாக வெற்றிலை போடுகிறீர்கள், எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறீர்கள், புண் எப்போது தெரிந்தது என்ற மூன்றையும் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்வார். வெட்கப்படாமல், முடிந்த மட்டும் அகலமாகத் திறவுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடி எழுதப்பட்ட மடல்